30க்கு 40 சைட்டில் டூப்ளெக்ஸ்: மாடிப்படிக்குக் கடைசல் மரக் கைப்பிடி போடலாமா?

ஹொரமாவு வாசி

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு ஹொரமாவில் 30க்கு 40 சைட்டில் டூப்ளெக்ஸ் கட்டிக்கொண்டிருக்கிறோம். பூச்சு வேலை முடிந்துவிட்டது, படிக்குக் கிரானைட் இன்னும் ஒட்டவில்லை. கீழிருந்து மேல்தளம்வரை 18 படி, நடுவில் ஒரு லேண்டிங்கில் திரும்பி ஏற வேண்டும். படி உயரம் 7 அங்குலம், மிதி அகலம் 10 அங்குலம்.

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) குழாயும் கண்ணாடியும் போட்டால் சீக்கிரம் முடியும் என்கிறார் என்ஜினியர். எனக்கும் மனைவிக்கும் அது ஜவுளிக்கடை மாடிப்படி மாதிரி தெரிகிறது. கடைசல் வேலை செய்த மரக் கால்கள், மேலே வழவழப்பான கைப்பிடி, அடியிலும் திருப்பத்திலும் தடித்த தூண், இதுதான் எங்கள் ஆசை. தச்சர் ஒரு கேட்டலாக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார், குடம் வைத்தது, முறுக்கு வைத்தது, மொட்டு வைத்தது என்று பக்கம் பக்கமாக இருக்கிறது, எதைப் பார்த்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது. தேக்கு ஒரு விலை, பீச் மரம் ஒரு விலை, "ஹொன்னே போடுங்க சார், அதுவும் தேக்கு மாதிரிதான்" என்று வேறு சொல்கிறார்.

வீட்டில் இரண்டு வயதுப் பையன் இருக்கிறான், முழங்கால் வலியோடு அம்மா இருக்கிறார். எந்த மரம், எவ்வளவு இடைவெளி, கிரானைட்டில் எப்படி நிறுத்துவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். மரமே வேண்டாம் என்பவர்களும் சொல்லலாம், ஆனால் காரணத்தோடு.

பட்டறை மணி

சார், மைசூர் சாலைப் பக்கம் எங்களுக்குக் கடைசல் பட்டறை, அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. கேட்டலாக்கை இப்போதைக்கு மூடி வையுங்கள். எல்லோரும் டிசைனில் தொடங்கி, கடைசியில் கால் எங்கே நிற்கும் என்று கேட்கிறார்கள். அது தலைகீழ்.

உங்கள் மிதி 10 அங்குலம். ஒரு படிக்கு ஒரு கால் என்று வைத்தால், 2 அங்குலக் காலுக்கு இடையில் 8 அங்குலம் திறந்திருக்கும். இரண்டு வயதுப் பையன் அதில் தலையை விடுவதென்ன, முழுசாகவே வெளியே போய்விடுவான். எனவே படிக்கு இரண்டு கால், அதில் பேச்சே இல்லை. இரண்டு கால் என்றால் மையத்துக்கு மையம் 5 அங்குலம், இடைவெளி 3 அங்குலம், சரிதானே என்று தோன்றும். இங்கேதான் கடைசலில் ஒரு விஷயம் இருக்கிறது. கால் மேலும் கீழும் 2 அங்குலச் சதுரம், ஆனால் கழுத்துப் பகுதியில் கடைந்து கடைந்து 1 அங்குலம் ஆகிவிடும். பக்கத்துக் காலிலும் அதே உயரத்தில் அதே கழுத்து. அந்த இடத்தில் இடைவெளி 3 இல்லை, 4 அங்குலம். கேட்டலாக்கில் ரொம்ப ஒயிலாகத் தெரிகிற டிசைன் எல்லாம் கழுத்து மெலிந்தவைதான். அளவு சொல்லும்போது சதுரத்துக்கும் சதுரத்துக்கும் நடுவே அளக்காமல் கழுத்துக்கும் கழுத்துக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. படிக்கு இரண்டு கால் வைத்தால் இரண்டும் ஒரே நீளம் இருக்காது. கைப்பிடி சரிவாகப் போகிறது, படி தட்டையாக இருக்கிறது, எனவே உள்பக்கத்துக் கால் மூன்றரை அங்குலம் நீளம் கூட வேண்டும். கடைசல் பூ இரண்டிலும் எங்கே வர வேண்டும் என்பதை முன்னாலேயே முடிவு செய்யாவிட்டால், மேலே அறுத்துப் பொருத்தும்போது சில காலில் பூ பாதி போய்விடும். மேல்சதுரத்தை நீளமாக விட்டுக் கடையச் சொல்ல வேண்டும். பட்டறைக்காரனுக்குப் படியின் அளவு தெரியாமல் "36 பீஸ் வேண்டும்" என்று மட்டும் ஆர்டர் வருகிறது, பிறகு எங்களைத் திட்டுகிறார்கள்.

கவிதா_ஆர்க்கி

மணி சொல்வது நூறு சதம் சரி. அந்த 4 அங்குலம்தான் எல்லை. அமெரிக்க வீட்டுக் கட்டட விதியில் 4 அங்குலப் பந்து எந்தச் சந்திலும் நுழையக் கூடாது என்பது பொது விதி, படிச் சரிவில் மட்டும் கொஞ்சம் தளர்வு உண்டு. பிரிட்டனில் 100 மில்லிமீட்டர் பந்து, ஏறக்குறைய அதே. ஆகவே கழுத்தை ஒன்றேகால் அங்குலத்துக்குக் கீழே போக விடாதீர்கள் என்பேன்.

உயரத்துக்கு நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, 2016 பதிப்பு, 1000 மில்லிமீட்டர் சொல்கிறது, மிதியின் நடுவிலிருந்து கைப்பிடியின் மேல்பக்கம்வரை. மேல்தளத்தில் படி முடிந்து வெறும் விளிம்பாகத் திறந்திருக்கும் இடத்திலும் ஒரு மீட்டருக்குக் குறையாதீர்கள். பல தச்சர்கள் பழக்கத்தில் இரண்டே முக்கால் அடியில் நிறுத்திவிடுவார்கள், பார்வைக்கு அழகு என்று. மேல் வராந்தாவில் ஒருவர் சாய்ந்து நின்று போன் பேசும்போதுதான் அந்த உயரம் எவ்வளவு குறைவு என்று தெரியும்.

அம்மாவுக்காக ஒரு விஷயம். பாரம்பரியக் கைப்பிடி என்று 4 அங்குல அகலத்தில் மேலே குவிந்த கட்டை ஒன்று போடுகிறார்கள். பார்க்கக் கம்பீரம், ஆனால் முழங்கால் வலிக்கிறவர்களுக்கு அதைச் சுற்றிப் பிடிக்க முடியாது, கை மேலே வழுக்கிக்கொண்டு போகும். அகலக் கட்டைதான் வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் விரல் நுழைகிற அளவு ஆழமாகக் காடி எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சுவர்ப் பக்கம் தனியாக 40 மில்லிமீட்டர் விட்டத்தில் உருண்டைக் கைப்பிடி ஒன்று, சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி. முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் அப்பால் ஓர் அடி நீட்டி விட வேண்டும், ஏனென்றால் முழங்கால் வலிக்காரர்கள் பிடிமானம் தேடுவது முதல் படியில் கால் வைப்பதற்கு முன்னால்.

ஸ்டீல் பாண்டி

காரணத்தோடு சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். மரக் கைப்பிடி சரி, மரக் கால் எதற்கு? 12 மில்லிமீட்டர் எம்.எஸ். (சாதா இரும்பு) சதுரக் கம்பி, நேர்க்குத்தாக, கறுப்பு பெயின்ட், மேலே தேக்குக் கைப்பிடி. கம்பி எங்கும் மெலியாது, எனவே கழுத்து, பூ என்ற கதையே இல்லை. ஆடாது, பூச்சி அரிக்காது, செலவும் குறையும். கை படுகிற இடம் மட்டும் மரமாக இருந்தால் போதும். பாரம்பரியம் என்று காலில் கொட்டுகிற பணத்தை நல்ல கதவில் போடலாம்.

அல்சூர் அத்தை

பாண்டி தம்பி சொல்வதற்கு என் ஓட்டு. எங்கள் வீட்டில் கடைசல் கால்தான், மாமனார் காலத்தில் போட்டது. ஒவ்வொரு வளையத்திலும் தூசி. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பழைய டூத் பிரஷ் எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து துடைப்பது யார்? டிசைன் தேர்ந்தெடுத்த ஆண்கள் யாரும் வருவதில்லை. கடைசல்தான் வேண்டும் என்றால் வளையம் குறைவாக, நீளமான வளைவாக எடுங்கள். கூரான பள்ளம் வேண்டவே வேண்டாம், துணி உள்ளே போகாது.

அழகு இல்லை என்று சொல்லவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள்.

ஹொரமாவு வாசி

எல்லோருக்கும் நன்றி. அத்தை சொன்னதை மனைவியிடம் படித்துக் காட்டினேன், முறுக்கு டிசைன் அங்கேயே அவுட். பாண்டி அண்ணா, உங்கள் யோசனை நியாயம்தான், ஆனால் மனசு கேட்கவில்லை. மணி அண்ணா, மரம் பற்றிச் சொல்லுங்கள். ஹொன்னே தேக்கு மாதிரிதானா?

பட்டறை மணி

ஹொன்னே, அதாவது வேங்கை, நல்ல மரம். கெட்டி, கரையான் அவ்வளவு சீக்கிரம் தொடாது. ஆனால் ஈரம் பட்டால் சாயம் விடும். படியைத் தினமும் ஈரத் துணியால் துடைக்கிற வீட்டில் காலின் அடி சரியாக அடைபடாமல் இருந்தால் வெளிர் கிரானைட்டில் கறை இறங்கும். ஜன்னல், கதவு நிலைக்கு நான் தயங்காமல் வேங்கை சொல்வேன். படிக்காலுக்கு என்றால், அடியை நன்றாக சீல் செய்கிற தச்சர் கிடைத்தால் மட்டும்.

பீச் எங்களுக்குப் பிடித்த மரம், லேத்தில் வெண்ணெயாக ஓடும், ஒரே நிறம், முடிச்சு கிடையாது. ஆனால் ஈரப்பதத்துக்கு ஏற்ப அது சுருங்கி விரிவது தேக்கைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெங்களூரில் பிப்ரவரி, மார்ச்சில் காற்று எப்படிக் காய்கிறது என்று தெரியும்தானே, உதடே வெடிக்கிறது. மழைக்காலத்தில் இறுக்கமாகப் பொருத்திய பீச் கால் அப்போது துளைக்குள் லொடலொடவென்று ஆடும். கரையானையும் அது தாங்காது. உள்ளறை, மேல்தளம், ஈரமே படாத இடம் என்றால் சரி.

ரப்பர் மரத்தில் துண்டு துண்டாகக் கோர்த்து ஒட்டிய ரெடிமேட் கைப்பிடி வருகிறது. கைப்பிடிக்குப் பரவாயில்லை. காலுக்கு அதைக் கடைந்தால் ஒட்டின இடமெல்லாம் பல் பல்லாகத் தெரியும். பெயின்ட் அடிப்பதானால் எடுக்கலாம். அதோடு இதையும் சொல்லிவிடுகிறேன், கால்களுக்கு வெள்ளைப் பெயின்ட், கைப்பிடி மட்டும் பாலிஷ் என்று முடிவெடுத்தால் காலுக்குத் தேக்கு வாங்காதீர்கள். பெயின்டுக்குக் கீழே தேக்கைப் புதைக்கிற வேலையை நான் காசு வாங்கிக்கொண்டு நிறையச் செய்திருக்கிறேன், செய்யும்போதெல்லாம் வயிறு எரியும்.

தேக்கு என்றால் எந்தத் தேக்கு என்று கேளுங்கள். தாண்டேலி, நாக்பூர், நிலம்பூர் என்று நம் நாட்டுத் தேக்கு இருக்கிறது, பர்மா இருக்கிறது, ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் வருகிற தோட்டத் தேக்கு இருக்கிறது. தோட்டத் தேக்கு எல்லாம் மோசம் என்பது பேச்சுக்குத்தான். நிலம்பூரில் அந்தக் காலத்து மலபார் கலெக்டர் கனோலி 1840களில் நட்டதும் தோட்டம்தான். வயசுதான் விஷயம். இளசிலேயே வெட்டின மரத்தில் வைரம், அதாவது உள்ளே இருக்கிற கெட்டிப் பகுதி, குறைவு, சுற்றிலும் வெள்ளை அதிகம். அந்த வெள்ளையில்தான் பூச்சி விழும், மாவு மாவாகக் கொட்டும். கட்டையின் முனையைப் பாருங்கள், நிறம் இரண்டாகத் தெரியும். சிலர் வெள்ளையின் மேல் சாயம் தேய்த்துவிடுவார்கள், முனையில் அரை அங்குலம் அறுக்கச் சொன்னால் உண்மை வந்துவிடும். அறுக்க மாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.

கவிதா_ஆர்க்கி

சந்தேகம் தீரவில்லை என்றால் மல்லேஸ்வரம் 18ஆவது கிராஸில் மத்திய அரசின் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. சின்னத் துண்டு கொடுத்தால் கட்டணம் வாங்கிக்கொண்டு என்ன மரம் என்று சொல்லிவிடுவார்கள். பெங்களூரில் இருந்துகொண்டு பலருக்கு இது தெரிவதில்லை. மொத்தமாகப் பெரிய தொகைக்கு வாங்கும்போது அந்தக் கட்டணம் ஒன்றுமே இல்லை.

யாராவது ஈட்டி மரம் என்று ஆசை காட்டினால் ரசீது இல்லாமல் தொடாதீர்கள். அந்த இனம் முழுவதும் 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது, உள்ளூரிலும் வனத்துறை கெடுபிடி உண்டு.

காரைக்குடி ராசு

புதுமரமே எதற்கு என்று கேட்கிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வீட்டுச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இடித்த வீடுகளிலிருந்து வந்த பர்மாத் தேக்குக் கிராதி, தூண், கைப்பிடி எல்லாம் கிடைக்கும். பெங்களூரிலேயே பேம்பூ பஜாரில் பழைய பங்களாக்களின் கதவு, ஜன்னல், படிக்கால் வரும். எத்தனையோ வருஷம் வீட்டுக்குள் நின்று காய்ந்த மரம், இனிமேல் அது எதற்குச் சுருங்கப் போகிறது? அந்த வேலைப்பாட்டை இன்றைக்குக் கேட்டால் எந்த சி.என்.சி. (கம்ப்யூட்டரில் ஓடுகிற) மிஷினும் செய்யாது.

பட்டறை மணி

ராசு அண்ணே, மரம் நல்ல மரம், நான் மறுக்கவில்லை. ஆனால் பழைய கிராதியை அப்படியே தூக்கி வைக்க முடியாது. பழைய வீட்டுப் படிகளில் பல செங்குத்தானவை. காலின் தலை அந்தச் சரிவுக்கு அறுத்திருக்கும், இவர் வீட்டுச் சரிவுக்கு மறுபடியும் அறுக்க வேண்டும், அறுத்தால் உயரம் குறையும், ஏற்கெனவே அந்தக் கிராதிகள் உயரம் குறைவு. மேடம் சொன்ன ஒரு மீட்டருக்கு எட்டாது. அடியில் ஒரு கட்டை கொடுத்துத் தூக்கலாம், அதுவும் சரியாகச் செய்தால்தான் அழகு. 36 கால் ஒரே டிசைனில் கிடைப்பது அதிர்ஷ்டம். தூண் இரண்டு மூன்று மட்டும் பழசில் எடுத்து, அதைப் பார்த்துப் புதுக் கால் கடைவது நல்ல வழி, நாங்களே அப்படிச் செய்து கொடுத்திருக்கிறோம்.

சி.என்.சி. பற்றிச் சொன்னதில் பாதிதான் உண்மை. 36 காலும் அச்சு அசலாக வர வேண்டும் என்றால் மிஷின்தான் நல்லது. கையால் கடைந்தால் ஒன்றுக்கொன்று நூல் அளவு மாறும், சிலருக்கு அதுதான் பிடிக்கும். தேக்கில் மணல் சத்து இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும். மழுங்கின உளியோடு ஓட்டினால் நார் பிய்ந்து சொரசொரப்பாகும். காலைக் கையில் வாங்கிக் கழுத்துப் பள்ளத்தில் விரலை விட்டுப் பாருங்கள், தேய்ப்பு வேலை ஒழுங்காகச் செய்தார்களா என்று அங்கே தெரியும்.

கவிதா_ஆர்க்கி

பழைய மரத்துக்கு இன்னோர் எச்சரிக்கை. பழைய பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி இங்கே நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். எனவே அந்தப் பெயின்டை வீட்டுக்குள் வைத்து மிஷின் போட்டுத் தேய்க்க வேண்டாம். குழந்தை இருக்கிற வீடு. வெளியே கொடுத்து ரசாயனம் தடவி உரித்து வாங்குங்கள்.

ஒயிட்ஃபீல்டு சுந்தர்

இடையில் ஒரு கேள்வி, மரப் பொம்மைக்குப் பேர்போன சென்னபட்டணாவில் கடைசல்காரர்கள் நிறைய இருக்கிறார்களே, அங்கே கொடுத்தால் மலிவாக முடியாதா? அரக்கு வண்ணமும் ஏற்றிக் கொடுப்பார்களே.

பட்டறை மணி

அங்கே இருப்பவர்கள் கை வேலையில் எங்களுக்கு அப்பன்கள். ஆனால் பொம்மைக்கு எடுப்பது வெட்பாலை, வெளுத்த மென்மரம், லேத்தும் பெரும்பாலும் சின்னச் சாமானுக்கானது. மூன்றடித் தேக்குக் கட்டைக்கு வேறு லேத் வேண்டும். தூணின் தலைக்கு வைக்கிற உருண்டை மட்டும் அங்கே செய்து அரக்கு வண்ணத்தில் வாங்கினால் ஜோராக இருக்கும், பையனுக்கும் பிடிக்கும்.

ஹொரமாவு வாசி

தலை உருண்டை யோசனை சூப்பர். இப்போது முக்கியக் கேள்வி. கிரானைட் ஆட்கள் அடுத்த வாரம் வருகிறார்கள். "ஒட்டின பிறகு டிரில் போட்டுக்கொள்ளலாம்" என்கிறார் தச்சர். சரியா?

கவிதா_ஆர்க்கி

நிறுத்துங்கள், அவர்களை வரவிடாதீர்கள்! சரி, கத்தவில்லை, ஆனால் இதுதான் இந்த இழையிலேயே அவசரமான விஷயம்.

கைப்பிடியின் உறுதி முழுவதும் அடியிலும் திருப்பத்திலும் மேலேயும் நிற்கிற தூண்களில் இருக்கிறது. கால்கள் இடைவெளியை அடைக்கத்தான், பாரம் தாங்குவது தூண். அந்தத் தூண் கிரானைட்டின் மேல் நிற்கக் கூடாது, கிரானைட்டைத் தாண்டிக் கான்கிரீட்டில் நிற்க வேண்டும். ஒட்டும் முன்பே தூண் வரும் இடங்களைக் குறித்து, கான்கிரீட்டில் 16 மில்லிமீட்டர் மரைக் கம்பியை எபாக்சிப் பசை போட்டு நட்டுவிடுங்கள், கல்லை அதைச் சுற்றி வெட்டி ஒட்டட்டும். பிறகு தூணின் அடியில் துளை போட்டு அந்தக் கம்பியின் மேல் இறக்கி, பக்கவாட்டிலிருந்து நட்டு முடுக்கி, மேலே மர மூடி வைத்துவிடலாம். வெறும் எல் கிளாம்பும் நாலு ஸ்குருவும் போட்ட தூண் ஒரு வருஷத்தில் ஆட ஆரம்பிக்கும். அதன் பிறகு ஒவ்வொரு காலும் கிறீச் கிறீச்தான்.

கால்களுக்கு இரண்டு வழி. ஒவ்வொரு மிதியிலும் இரண்டு துளை போட்டு நிறுத்துவது ஒன்று. கிரானைட்டின் விளிம்புக்குப் பக்கத்தில் டிரில் போட்டால் கல் சில்லு பெயரும், சில சமயம் விரிசல் விடும், 36 துளையில் ஒன்றாவது மக்கர் செய்யும். எனக்குப் பிடித்தது இரண்டாவது. படியின் ஓரத்தில் மூன்று நான்கு அங்குல உயரத்துக்குச் சரிவாகவே ஒரு கான்கிரீட் திண்டு, அதன் மேல் கைப்பிடிக்கு இணையாக ஓர் அடிக்கட்டை, கால்கள் அதில் நிற்கும். தண்ணீர் மரத்தில் படாது, கல்லில் துளை இல்லை, மேலிருந்து பொம்மையோ மாப் தண்ணீரோ கீழே விழாது. மணி சொன்ன நீள வித்தியாசமும் இல்லை, எல்லாக் காலும் ஒரே அளவு, இரண்டு முனையும் ஒரே சரிவு.

பட்டறை மணி

மேடம் சொன்ன அடிக்கட்டைக்கு நானும் கை தூக்குகிறேன், எங்களுக்கும் அறுப்பு சுலபம். ஒரே ஒரு குறை, படி அகலத்தில் நாலு அங்குலம் போகும். மூன்றடிப் படி என்றால் யோசியுங்கள், பீரோ ஏற்றும்போது திட்டுவீர்கள்.

ஸ்டீல் பாண்டி

வெல்டிங் ஆளாக ஒரு வார்த்தை. மரைக் கம்பிக்குப் பதில் எம்.எஸ். தகடு நட்டுக் குழாய் வெல்டு வைத்து, அதைச் சுற்றி மரத் தூணைக் கவசமாக மூடலாம். ஆடவே ஆடாது. மரப் பிரியர்களுக்கும் இரும்பு உள்ளே இருப்பது தெரியாது.

கவிதா_ஆர்க்கி

பாண்டி, இதை நான் மனப்பூர்வமாக ஏற்கிறேன். அதில் இன்னொரு லாபம், தடித்த முழுக்கட்டைத் தூணில் மரத்தின் மையம் உள்ளே மாட்டிக்கொண்டால் காயும்போது நெடுக வெடிக்கும். நாலு பலகையாகச் செய்த தூணில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கடைசல் தூண் வேண்டும் என்றால் முழுக்கட்டைதான்.

ஹொரமாவு வாசி

படி அகலம் மூன்றேகால் அடி. திண்டு போட்டாலும் மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவாக மிஞ்சும். மனைவிக்குச் சம்மதம், பீரோ எல்லாம் கீழேயே இருக்கட்டும் என்கிறாள். கிரானைட் ஆட்களைத் தள்ளி வரச் சொல்லிவிட்டேன். தூண் மட்டும் மூன்று, உள்ளே இரும்பு வைத்த சதுரத் தூண்; கால் கடைசல். மரம் எவ்வளவு ஆகும் என்று எப்படிக் கணக்குப் போடுவது? தச்சர் சொல்கிற சி.எஃப்.டி. எனக்கு எதுவும் புரியவில்லை.

பட்டறை மணி

கன அடிக் கணக்குதான். அகலம், கனம் இரண்டும் அங்குலத்தில், நீளம் அடியில், மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுங்கள். கடைவதற்கு இரண்டரை அங்குலக் கட்டை எடுத்தால், இரண்டரை பெருக்கல் இரண்டரை பெருக்கல் மூன்றடி, வகுத்தால் 0.13. 36 காலுக்கு 4.7 கன அடி. கைப்பிடி ஒரு படிக்குச் சரிவில் 12 அங்குலத்துக்குச் சற்று மேல் ஓடும், 18 படிக்கு 18 அடி சொச்சம், 4க்கு 3 கட்டையில் ஒன்றரைக் கன அடி. அடிக்கட்டை, மேல்தள விளிம்பு, தூண் பலகை எல்லாம் தனி. அதற்கு மேல் சேதாரம். கடைசலில் சுருள் சுருளாக உதிர்வதற்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள், ஏனென்றால் கணக்கு கடைவதற்கு முன்னால் இருக்கிற சதுரத்துக்கு. கடைசல் கூலி பீஸ் ரேட், அது வேறு.

மரக்கடைக்குப் போகும்போது ஈரப்பத மீட்டர் ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள், ஊசி குத்துகிற வகை, ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும். 12 சதத்துக்கு மேல் காட்டினால் வேண்டாம். "சீசன் ஆன மரம் சார்" என்று எல்லோரும்தான் சொல்வார்கள்.

36 காலையும் ஒரே நாளில் ஆர்டர் கொடுக்காதீர்கள். மலிவு மரத்தில் ஒரே ஒரு கால் கடைந்து வாங்கி, படியில் நிற்க வைத்து, இரண்டு நாள் போகிற வருகிறபோதெல்லாம் பாருங்கள். கேட்டலாக்கில் பார்த்த குடம் நேரில் பானையாகத் தெரியும்.

அல்சூர் அத்தை

பாலிஷ் பற்றி யாருமே பேசவில்லையே. எங்கள் வீட்டில் அரக்கு பாலிஷ். கொரோனா காலத்தில் எல்லோரும் சானிடைசர் தடவிய கையோடு மாடி ஏறியதில் கைப்பிடி முழுக்கத் திட்டுத் திட்டாகப் போய்விட்டது.

கவிதா_ஆர்க்கி

அத்தை, அரக்கு ஸ்பிரிட்டில்தான் கரையும், சானிடைசர் ஸ்பிரிட்தானே, போகத்தான் செய்யும். நல்ல விஷயம், அதே காரணத்தால் அந்த இடத்தில் மட்டும் மறுபடி பூசிச் சேர்த்துவிடலாம்.

வாசி சார், உங்கள் படிக்கு மேலே ஸ்கைலைட் இருக்கிறதா? இருந்தால் மெலமைன் பாலிஷ் வேண்டாம், வெயிலில் மஞ்சளடித்துச் சில்லு சில்லாக உரியும். பி.யு. (பாலியூரித்தேன்) பாலிஷ் உறுதி, ஆனால் கீறல் விழுந்தால் திட்டாகச் சரிசெய்வது கஷ்டம், பெரும்பாலும் முழு நீளத்தையும் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும். கால்களுக்கு பி.யு., கை படுகிற கைப்பிடிக்கு எண்ணெய் என்று பிரிப்பது என் வழக்கம். எண்ணெய் வருஷம் ஒருமுறை தடவினால் போதும், நீங்களே செய்யலாம்.

ஹொரமாவு வாசி

ஸ்கைலைட் இருக்கிறது, லேண்டிங்குக்கு நேர் மேலே. அப்படியானால் கால் பி.யு., கைப்பிடி எண்ணெய். ஆளிவிதை எண்ணெய் தடவலாமா? அம்மா ஊரில் அதைத்தான் தடவுவார்கள்.

பட்டறை மணி

தடவலாம், காய்ச்சிய எண்ணெயாக வாங்குங்கள், பச்சை எண்ணெய் காய நாள் கணக்கில் ஆகும். மெல்லிசாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிசுபிசுக்கும். ஒரு விஷயம் மட்டும் மறக்காதீர்கள் சார், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. அந்த எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டிய துணியில் தானாகவே தீப்பிடிக்கும், பட்டறைகளில் நடக்கிற விஷயம். வெளியே கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள். மாதிரிக் கால் கடைய வரும்போது படியின் அளவையும் லேண்டிங் போட்டோவையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், தச்சரையும் கூட்டிக்கொண்டு.